சென்செக்ஸ், நிஃப்டி: வேலூர்ப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

காட்பாடியில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுகிறேன். ஜூலையில் வருமான வரித் தாக்கலுக்கு வருகிறவர்கள் காகிதத்தை எல்லாம் கொடுத்து முடித்து, எழுந்து போகும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் அது பங்குச் சந்தையைப் பற்றித்தான் இருக்கும், அதிலும் டிவியில் ஓடும் அந்த எண்ணைப் பற்றி. ஒரே சந்தேகத்தை ராணிப்பேட்டைக்காரரும் குடியாத்தத்துக்காரரும் தனித்தனியாகக் கேட்கும்போது எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் உள்ள பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

சார், நிஃப்டி நிஃப்டின்றாங்களே, அது இன்னா ஒரு கம்பெனியா?

கம்பெனி இல்லை, ஒரு கணக்கு. நேதாஜி மார்க்கெட்டில் போய் "காய்கறி விலை ஏறிடுச்சா?" என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. தக்காளி இறங்கியிருக்கும், முருங்கை ஏறியிருக்கும், இலவம்பாடி முள்ளுக்கத்திரி அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வாரம் தவறாமல் வாங்கும் அதே பை போன மாதம் 400 ரூபாய், இந்த மாதம் 440 ரூபாய் என்றால், காய்கறி பத்து சதவீதம் ஏறியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தப் பைதான் குறியீடு.

சென்செக்ஸ் என்பது மும்பை பங்குச் சந்தையின் பை, அதில் 30 கம்பெனிகள். நிஃப்டி 50 தேசிய பங்குச் சந்தையின் பை, அதில் 50. இரண்டிலும் இருப்பவை நாட்டின் மிகப் பெரிய, தினமும் நிறையக் கைமாறும் பங்குகள். சென்செக்ஸில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே நிஃப்டியிலும் இருக்கும், அதனால்தான் இரண்டும் ஒரே பக்கமாகவே ஆடுகின்றன.

25,000ன்னா 25,000 ரூபாயா? சென்செக்ஸ் 80,000, நிஃப்டி 25,000னா சென்செக்ஸ்தானே பெருசு?

ரூபாய் இல்லை, புள்ளி. எங்கே ஆரம்பித்தார்கள் என்பதைப் பொறுத்த எண் அது. சென்செக்ஸ் 1986 ஜனவரி 1 அன்று வெளியானது, ஆனால் 1978-79ஆம் ஆண்டை 100 என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். நிஃப்டி 1996 ஏப்ரலில் வந்தது. அதற்கு 1995 நவம்பர் 3ஆம் தேதியை 1,000 என்று வைத்தார்கள். ஒருவர் சீக்கிரம் கிளம்பினார், இன்னொருவர் பின்னால் கிளம்பினார், அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஒரு குறியீட்டை அதே குறியீட்டின் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் சதவீதத்தில்.

50 கம்பெனியும் சமமா? ஒரு கம்பெனி பத்து பர்சென்ட் ஏறினா குறியீடு எவ்ளோ ஏறும்?

சமம் இல்லை. இந்த ஒரு கேள்வி புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் ஊரில் இரண்டே கம்பெனி உள்ள ஒரு சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் கம்பெனியின் பங்கு விலை 1,000 ரூபாய், மொத்தம் 10 லட்சம் பங்குகள், ஆக மதிப்பு 100 கோடி. மருந்து கம்பெனியின் பங்கு வெறும் 50 ரூபாய், ஆனால் 6 கோடி பங்குகள், ஆக மதிப்பு 300 கோடி. இரண்டும் சேர்ந்து 400 கோடி. இன்றைக்கு இதை 1,000 புள்ளி என்று வைப்போம்.

நாளைக்கு தோல் கம்பெனி பத்து சதவீதம் ஏறினால் மொத்தம் 410 கோடி, குறியீடு 1,025. அதற்குப் பதில் மருந்து கம்பெனி பத்து சதவீதம் ஏறினால் மொத்தம் 430 கோடி, குறியீடு 1,075. பங்கின் விலை இருபது மடங்கு குறைவாக இருந்தும் மருந்து கம்பெனிதான் குறியீட்டை அதிகம் தூக்குகிறது, ஏனென்றால் கம்பெனி பெரியது. ஒரு பங்கின் விலையைப் பார்த்துக் கம்பெனியின் அளவை முடிவு செய்யக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

நிஃப்டியில் எச்.டி.எஃப்.சி. வங்கி, ரிலையன்ஸ், ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி மாதிரி நாலைந்து பேர் சேர்ந்தாலே குறியீட்டை ஒரு பக்கம் சாய்த்துவிட முடியும். கடைசியில் இருக்கும் பத்துப் பதினைந்து கம்பெனிகள் என்ன ஆடினாலும் குறியீட்டில் லேசாகத்தான் தெரியும். வெளிநாட்டில் வேறு வழியும் உண்டு. 1896இல் 12 கம்பெனிகளோடு தொடங்கிய அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ், ஜப்பானின் நிக்கெய் இரண்டும் பங்கின் விலையை வைத்தே எடை போடுகின்றன. நம் இரண்டு கம்பெனிச் சந்தையை அப்படிக் கணக்குப் போட்டால், சிறிய தோல் கம்பெனிதான் ராஜா.

எல்.ஐ.சி. எவ்ளோ பெரிய கம்பெனி, அதுக்கு மட்டும் குறியீட்டுல ஏன் பெரிய இடம் இல்ல?

மேலே சொன்ன கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. கம்பெனியின் எல்லாப் பங்குகளையும் எண்ணுவதில்லை, சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கக் கிடைக்கும் பங்குகளை மட்டும்தான் எண்ணுகிறார்கள். நிறுவனரின் குடும்பம், அரசு மாதிரி விற்காமல் வைத்திருப்பவர்களின் பங்கு கணக்கில் வராது. எல்.ஐ.சி. 2022 மே மாதம் சந்தைக்கு வந்தபோது அரசு விற்றது 3.5 சதவீதம்தான், மீதி 96.5 சதவீதம் அரசின் கையிலேயே நின்றது. அப்படி இருந்தால், நூறு ரூபாய் கம்பெனியில் மூன்றரை ரூபாய்தான் எடைக்கு வரும்.

சென்செக்ஸ் இந்த முறைக்கு 2003இலும் நிஃப்டி 2009இலும் மாறின. நியாயமான முறை என்றுதான் நான் நினைக்கிறேன். பூட்டி வைத்த பெட்டிக்கு விலை போட்டு என்ன ஆகப் போகிறது?

யாரு சேக்கறாங்க, யாரு எடுக்கறாங்க? கவர்மெண்டா?

அரசு இல்லை. நிஃப்டியை தேசிய பங்குச் சந்தையின் துணை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன: கம்பெனியின் அளவு, எவ்வளவு எளிதாகப் பங்கு கைமாறுகிறது, இப்படிப் பல. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரி, ஜூலை கடைசி வரையுள்ள விவரங்களை வைத்துப் பார்த்து, மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஆளை மாற்றுவார்கள். அவசரம் என்றால் நடுவிலும் மாற்றம் வரும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் கணக்கு மோசடி வெளியே வந்ததும் சில நாட்களிலேயே அதை நீக்கினார்கள். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் வெளியேறியதும் அப்படித்தான்.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சென்செக்ஸின் ஆரம்பப் பட்டியலில் அம்பாசிடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பத்மினி கார் செய்த ப்ரீமியர் ஆட்டோமொபைல்ஸும் இருந்தன. இரண்டு காருமே நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் நின்றவை. இன்று இரண்டு கம்பெனியும் பட்டியலில் இல்லை, குறியீடு மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நலிந்தவர் வெளியே போவார், வளர்ந்தவர் உள்ளே வருவார். ஆகவே "சென்செக்ஸ் இத்தனை மடங்கு ஏறியது" என்பதற்கு "அன்றைக்கு வாங்கிய பங்கை அப்படியே வைத்திருந்தால் இத்தனை மடங்கு" என்று பொருள் இல்லை.

குறியீடு உச்சத்துல இருக்குன்றாங்க, என் போன்ல மட்டும் எல்லாம் சிவப்பா இருக்கே அண்ணா?

மே மாதம் டிவியில் வேலூர் 41 டிகிரி என்கிறார்கள். அது வானிலை நிலையத்துக் கருவி காட்டும் அளவு. சத்துவாச்சாரியில் உங்கள் மொட்டை மாடித் தளத்தில் கால் வைத்தால் அதைவிடக் கொதிக்கும், கோட்டை அகழி ஓரத்து மரத்தடியில் கொஞ்சம் குறையும். கருவி பொய் சொல்லவில்லை, அது உங்கள் மாடியை அளக்கவில்லை.

இதைக் கேட்ட தம்பியின் போனை வாங்கிப் பார்த்தேன். ஏழு பங்குகள், ஏழுமே சின்ன கம்பெனிகள், நிஃப்டி 50இல் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது பதிலைப் பாருங்கள்: நாலைந்து பெரிய வங்கிகள் ஏறினாலே நிஃப்டி ஏறிவிடும், அன்றைக்குச் சின்ன பங்குகள் நூற்றுக்கணக்கில் விழுந்திருக்கலாம். அவர் பார்க்க வேண்டியது நிஃப்டி ஸ்மால்கேப் 250 மாதிரியான குறியீட்டை. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், அதைவிடவும் அவருடைய ஏழு பங்குகள் அதிகம் இறங்கியிருந்தன. அப்போதுதான் பங்குகளைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி உட்கார்ந்து பேச முடிந்தது.

நேத்து 1,000 புள்ளி சரிவுன்னு நியூஸ்ல அலறுனாங்க. எல்லாத்தையும் வித்துடலாமா?

புள்ளியை விடுங்கள், சதவீதத்தைப் பாருங்கள். 2004 மே 17 அன்று சென்செக்ஸ் 565 புள்ளி விழுந்தது. அன்றைக்கு அது 11 சதவீதத்துக்கும் மேல், வியாபாரத்தையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. அதே 565 புள்ளி சென்செக்ஸ் 80,000இல் இருக்கும்போது விழுந்தால் முக்கால் சதவீதம்கூட இல்லை. 1,000 புள்ளி என்றால் ஒன்றேகால் சதவீதம்.

காந்தி நகரில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தினமும் சாயங்காலம் ஒரு நோட்டில் தேதி, சென்செக்ஸ், ஏற்ற இறக்கம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வருகிறார். இறக்கத்தை எல்லாம் சிவப்பு மையில் எழுதியிருந்தார், பக்கம் பக்கமாகச் சிவப்பு. நான்காவதாக ஒரு கட்டம் போட்டுச் சதவீதம் எழுதச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்து காட்டினார், அரை, கால், முக்கால் என்றே போய்க்கொண்டிருந்தது. உண்மையான பெரிய சரிவு எப்படி இருக்கும் என்றால் 2020 மார்ச் 23: ஊரடங்கு பயத்தில் ஒரே நாளில் 3,935 புள்ளி, 13 சதவீதம். பத்து சதவீதம் விழுந்ததுமே விதிப்படி காலையில் 45 நிமிடம் சந்தையை நிறுத்தினார்கள், திறந்த பிறகும் விழுந்தது. விற்பதா வேண்டாமா என்பது உங்களுக்குப் பணம் எப்போது தேவை என்பதைப் பொறுத்தது. செய்தி வாசிப்பவரின் குரலை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள்.

ஒரே நாள்ல பத்து லட்சம் கோடி காணாம போச்சாம். யாரு எடுத்துனு போனாங்க?

யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு தெருவில் இருபது வீடுகள், ஒவ்வொன்றும் 80 லட்சம் போகும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு ஒருவர் 60 லட்சத்துக்கு விற்றுவிட்டார். உடனே "தெருவுக்கே நாலு கோடி நஷ்டம்" என்று கணக்குப் போடலாம். மீதிப் பத்தொன்பது வீட்டுக்காரர்கள் காலையில் எழுந்து வழக்கம்போலப் பால் வாங்கப் போனார்கள். கடைசியாக நடந்த விலையை எல்லாப் பங்குகளோடும் பெருக்கிச் சொல்வதால் வரும் தொகை அது.

அதற்காக எல்லாம் வெறும் காகித நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. விற்றவருக்கு 20 லட்சம் நிஜமாகவே போனது. பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவருக்கும் நிஜம்தான், விலை இறங்கினால் கூடுதல் பணம் கட்டச் சொல்லி உடனே போன் வரும்.

ஆம்பூர் ஷூ, ராணிப்பேட்டை தோல் எல்லாம் உலகம் பூரா போவுது. அது நிஃப்டியில எங்க இருக்கு?

இல்லை. நிஃப்டி 50இல் ஒரு தோல் கம்பெனிகூட இல்லை. நம் பக்கத்துத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் குடும்ப நிறுவனங்கள், பங்குச் சந்தைக்கே வராதவை. வராத கம்பெனியைக் குறியீடு அளக்க வழியில்லை. விவசாயம், மளிகைக் கடை, குடியாத்தம் தீப்பெட்டி, வீட்டில் சுற்றும் பீடி எதையும் அது அளக்காது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பல இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டது. ஆர்டர் என்ன ஆகுமோ என்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனையோ வீடுகளில் அப்போது கவலை. அந்தக் கவலை நிஃப்டியில் எவ்வளவு தெரிந்தது என்று என்னிடம் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் கேட்டார். தோலும் தையலும் இல்லாத பட்டியலில் தோல்காரரின் வலி எப்படித் தெரியும்? பங்குச் சந்தை ஏறினால் நாடு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிகள் வருங்காலத்தில் எவ்வளவு சம்பாதிக்கும் என்று வாங்குபவர்கள் இன்றைக்குப் போடும் மதிப்பு அது. தொழிலாளியின் கூலி அதில் கிடையாது.

டிவிடெண்ட் வருதே, அது குறியீட்டுல சேருமா?

டிவியில் பார்க்கும் எண்ணில் சேராது. கம்பெனி தன் லாபத்திலிருந்து ஈவுத்தொகை (டிவிடெண்ட்) கொடுத்தால் அந்த அளவுக்குப் பங்கு விலை இறங்கும், குறியீடும் அதோடு கொஞ்சம் இறங்கும். இலவசமாகக் கொடுக்கும் போனஸ் பங்கு, ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது இதெல்லாம் நடந்தால் மட்டும் எண் குதிக்காதபடி கணக்கைச் சரிசெய்துவிடுவார்கள்.

ஈவுத்தொகையையும் மறுபடி முதலீடு செய்ததாக வைத்துப் போடும் இன்னொரு கணக்கு உண்டு, அதற்கு மொத்த வருவாய்க் குறியீடு என்று பெயர். வித்தியாசம் ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம்தான், ஆனால் இருபது வருஷத்தில் அது பெரிய தொகை. முன்பெல்லாம், பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகள் ஈவுத்தொகை சேராத எண்ணோடு ஒப்பிட்டு "சந்தையை ஜெயித்தோம்" என்று விளம்பரம் செய்ய முடிந்தது. 2018 பிப்ரவரி முதல் மொத்த வருவாய்க் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கட்டாயமாக்கியது. நல்ல வேலை செய்தார்கள்.

இண்டெக்ஸ் ஃபண்ட்னா நிஃப்டியையே வாங்கறதா?

நிஃப்டி ஒரு எண், அதை வாங்க முடியாது. அந்த 50 பங்குகளை அதே எடையில் வாங்கி வைத்திருக்கும் ஃபண்டைத்தான் வாங்குகிறீர்கள். ஃபண்டின் செலவு, கொஞ்சம் கையிருப்புப் பணம் இதனால் குறியீட்டைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். இரண்டு ஃபண்டுகளில் எது நல்லது என்றால், இந்தக் குறைவு எதில் கம்மி என்று பாருங்கள், போதும்.

நிஃப்டி ஃபண்ட், சென்செக்ஸ் ஃபண்ட், பேங்க் நிஃப்டி ஃபண்ட் என்று மூன்று வாங்கி "பிரித்துப் போட்டுவிட்டேன்" என்பவர்கள் நிறையப் பேர். முதல் பதிலையும் மூன்றாவது பதிலையும் சேர்த்துப் படியுங்கள், அதே பெரிய வங்கிகளை மூன்று முறை வாங்கியிருக்கிறீர்கள்.

லாங் டெர்ம்ல கண்டிப்பா ஏறும்தானே சார்?

இதுவரை ஏறியிருக்கிறது. 1978-79இல் 100, 2024 ஜூலையில் 80,000. கூட்டு வட்டிக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 15, 16 சதவீதம். ஆனால் உங்கள் காலம் எது என்பதுதான் கேள்வி. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா விலைகளை ஏற்றிவிட்ட காலத்தில், 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,467 தொட்டது. 2003 ஏப்ரல் கடைசியில் அது 3,000க்கும் கீழே. பதினோரு வருஷம். அப்போது பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தவருக்கு 2024இன் எண் எதற்கு உதவும்?

2008 ஜனவரியில் 6,287இல் இருந்த நிஃப்டி அக்டோபரில் 2,524க்கு வந்தது, 60 சதவீதம் போனது. 60 சதவீதம் போனால் பழைய இடத்துக்கு வர 150 சதவீதம் ஏற வேண்டும், இதைப் பலர் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. ஜப்பானின் நிக்கெய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது, 34 வருஷம். அதனால் "கண்டிப்பா" என்ற சொல்லை நான் சொல்ல மாட்டேன். மூன்று வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்.

நிஃப்டில போட்டு மாசம் அஞ்சு பர்சென்ட் கேரண்டியா தர்றோம்னு வாட்சாப்ல ஒரு குரூப். நம்பலாமா?

வேண்டாம். மாதம் 5 சதவீதம் என்றால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 80 சதவீதம். முந்தைய பதிலில் பார்த்த 45 வருஷச் சராசரி 15, 16தான், அதுவும் நடுவில் 60 சதவீதச் சரிவுகளோடு. குறியீட்டில் அப்படி ஒரு உறுதி இல்லாதபோது அதன் பெயரைச் சொல்லி வாங்குகிறவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்? மாதா மாதம் இத்தனை சதவீதம் என்று சொல்லி நம் வட ஆற்காடு பக்கம் வாங்கிய பணத்தில் எத்தனை குடும்பங்களின் நகையும் நிலமும் போயிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பணம் கட்டிய படிவங்களோடு என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் குழுக்கள் பெரும்பாலும் பேசுவது ஆப்ஷன் வியாபாரத்தைப் பற்றி. அது குறியீடு எங்கே போகும் என்று நாள் குறித்துக் கட்டும் பந்தயம், பங்கை வாங்கி வைப்பது இல்லை. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷனும் அது மாதிரியான வியாபாரமும் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

யாராவது ஆலோசனை சொல்ல வந்தால் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்றும், ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச். என்றும், தரகர் என்றால் ஐ.என்.இசட். என்றும் அது ஆரம்பிக்கும். அந்த எண்ணைச் செபி இணையதளத்தில் போட்டுப் பார்த்து, பெயர் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயர் ஒத்துப்போனாலும், லாபத்துக்கு உறுதி கொடுப்பது பதிவு பெற்றவருக்கே தடை செய்யப்பட்ட ஒன்று. இந்தக் கேள்வியைக் கேட்ட வாலாஜா அம்மா அந்தக் குழுவில் பதிவு எண்ணைக் கேட்டு ஒரு வரி போட்டார். அன்று ராத்திரியே அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.